ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்குப் பால் எவ்வளவு?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். எடை பத்தரை கிலோ. காலையில், மதியம், சாயங்காலம், படுக்கும்போது, நடுராத்திரியில் என்று தினமும் ஐந்து பாட்டில் பால் குடிக்கிறாள். சோற்றை ஊட்டினால் துப்புகிறாள். மூன்று நாளுக்கு ஒரு தடவைதான், அதுவும் முக்கி முக்கித்தான் மலம் போகிறாள். 'பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை' என்கிறார் என் மாமியார். உண்மையில் எவ்வளவு பால் தரலாம்?
(ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஒரு நாளைக்கு 350 முதல் 400 மில்லி போதும். 500 மில்லியைத் தாண்டவே கூடாது. அரை லிட்டர் பாக்கெட் வாங்கினால் பிள்ளைக்குப் போக வீட்டில் ஒருவருக்கு டீ போடவாவது பால் மிஞ்ச வேண்டும். தயிரும் மோரும் இந்தக் கணக்கில்தான் வரும். 100 மில்லி பாலுக்கு 100 கிராம் தயிர் சரி. தாய்ப்பால் இன்னும் நாலைந்து தடவை நன்றாகக் குடிக்கிறாள் என்றால் பாக்கெட் பால் தேவையே இல்லை.

ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரை. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கிறது. 400 மில்லியிலேயே கணக்கு முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிடும். மிச்சத்தைக் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுத்துவிடும்.

உங்கள் மகள் குடிக்கும் ஐந்து பாட்டில், ஒன்று 200 மில்லி என்று வைத்தால், ஒரு லிட்டர். பச்சை நிறப் பாக்கெட் பாலாக இருந்தால் அதிலேயே 700 கலோரிக்கு மேல் போய்விடுகிறது. இந்த வயதுக்கு முழு நாளுக்கும் தேவை சுமார் 1,000 கலோரிதான். பிறகு சோற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்? அவள் அடம்பிடிக்கவில்லை, வயிற்றில் இடமில்லை. பாலில் நார்ச்சத்து கிடையாது என்பதால் மலமும் இறுகுகிறது.

இதைவிடக் கவலை தருவது இரும்புச்சத்து. அவளுக்குத் தினம் 8 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது அரை மில்லிகிராம் அளவில்தான். போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கின்றன. பத்தரை கிலோ என்பது இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நல்ல எடையே. அந்த எடைதான் வீட்டில் எல்லோரையும் ஏமாற்றுகிறது: பிள்ளை கொழுகொழுவென்றே இருக்கும், ரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகும். பகல் வெளிச்சத்தில் அவள் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கமும் பாருங்கள். சிவப்புக்குப் பதில் வெளிறியிருந்தாலோ, கடற்கரை மண், சுவர்க் காரை, பச்சரிசி என்று அள்ளித் தின்றாலோ, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

குறைக்கும் முன் மூன்று நாள் அளந்து எழுதுங்கள். பாலில் தண்ணீர் கலந்து தருகிறீர்களா? அப்படியானால் பாலை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆனால் தண்ணீரும் வயிற்றை நிரப்பும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் போக வேண்டியது நடுராத்திரிப் பாட்டில். இரண்டு இரவுக்கு ஒரு தடவை 30 மில்லி குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடும். பிறகும் எழுந்து கேட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு வாய் கொடுங்கள். பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும்.

அடுத்து, பாட்டிலையே விடுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் அது வேண்டியதில்லை. நிப்பிளைத் தேய்த்துக் கழுவி, தினமும் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால்தான் சுத்தம். குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் அது நடைமுறையில் முடியாத காரியம். சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கழுவுவது எளிது. பாட்டிலில் உள்ள கோட்டை வைத்து 150 மில்லி தண்ணீர் அளந்து அந்த டம்ளரில் ஊற்றி, எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்த அளவில் பாதி, அதன்பின் பல் துலக்கல். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பால், பிஸ்கட், மிக்ஸர் எதுவும் கூடாது.

முதல் நாலைந்து நாள் அழுவாள், சோறும் வேண்டாம் என்பாள். பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடைவது இங்கேதான்: மதியம் சாப்பிடவில்லையே என்று மனசு கேட்காமல் இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் பாட்டிலை நீட்டிவிடுவார். துப்பினால் பாட்டில் வரும் என்று பிள்ளை உடனே கற்றுக்கொள்ளும். ஆகவே மாமியாரையும் உட்கார வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். நன்றாக விளையாடுகிறாள், சிறுநீர் வழக்கம்போல் போகிறாள் என்றால் பயப்பட வேண்டாம்.

உங்கள் ஊரில் கைக்கெட்டும் தூரத்திலேயே நல்ல உணவு இருக்கிறது. கிழங்கான், காரல், மத்தி, நெத்திலி எல்லாம் பிள்ளைக்கு ஏற்றவை. மீனின் இரும்பு சுலபமாகச் சேரும், கூட உண்ணும் கீரை, பருப்பின் இரும்பையும் சேரவைக்கும். மிளகாய் இல்லாமல் மஞ்சள் போட்டு அவித்து, சதையை விரல் நுனிகளால் நசுக்கி முள் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, 30 கிராம் அளவு குழைந்த பருப்புச் சோற்றில் பிசைந்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அந்த வேளையில் தயிர் வேண்டாம். பெரிய சுறா, சூரையில் பாதரசம் கூடுதலாக இருக்கும் என்பதால் சிறு மீனே நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாதபோது கரைவலை, நாட்டுப்படகு மீன் கிடைத்தால் சரி. இல்லையென்றால் முட்டையும் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஆட்டு ஈரலும். அங்கன்வாடி சத்துமாவைப் பாலில் கரைக்காமல் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். டீ ஒரு வாய்கூட வேண்டாம். அதுவும் இரும்பைத் தடுக்கும்.

பாலில் எது? இரண்டு வயது வரை பச்சை நிறப் பாக்கெட் (4.5 சதவீதக் கொழுப்பு) அல்லது நீல நிறப் பாக்கெட் (3 சதவீதம்), கொழுப்பு எடுத்த பால் வேண்டாம். ஆட்டுப்பால் பழக்கம் என்றால் பொங்கக் காய்ச்சாமல் தராதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் குறைவு என்பதால் அதை மட்டுமே நம்பக் கூடாது. டீக்கு வாங்கும் பால் பவுடர்களில் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கும், உறையைப் படியுங்கள். பனங்கற்கண்டும் சர்க்கரைதான், வெறும் பாலே போதும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். பாலுக்கும் சிரப்புக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, நாக்கின் பின்பக்கம் ஊற்றினால் பல்லில் கறை படியாது. மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தால்தான். மலத்தில் ரத்தம், மூச்சு வாங்குதல், எப்போதும் சோர்வு, எடை ஏறாமை இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் வாரம் இருமுறை சிரப் போதாது. எடைக்கேற்பத் தினசரி அளவை மருத்துவர் எழுதித் தருவார். ஒரு மாதத்தில் மறுபடி சோதித்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். சரியான அளவுக்கு வந்த பிறகும், உடலில் இருப்பு சேர, இரண்டு மூன்று மாதம் மருந்தைத் தொடருங்கள்.