காதலுக்குக் குறுக்கே நின்ற சட்டம்

கேள்வி: இளையோருக்கான சரித்திர நாவல்களில் இனம் கடந்த நட்பும் காதலும் தவறாமல் வந்துவிடுகின்றன. இன்றைய ஆசையைப் பழைய காலத்தின் மேல் ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யார் பழகினார்கள்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: பழகினார்கள். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு, 1942-ல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அதிபர் ரூஸ்வெல்ட்டின் 9066-ஆம் ஆணையைக் காட்டி வீடுகளைவிட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ரால்ஃப் லாசோ என்று ஒரு பள்ளி மாணவர். மெக்சிகோ, அயர்லாந்து வம்சாவளிக் குடும்பம். கூடப் படித்த ஜப்பானிய நண்பர்களோடு தானும் ரயிலேறி, கலிபோர்னியாவில் இருந்த அப்படியொரு முகாமான மன்சனாருக்குப் போய்விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் முள்வேலிக்குள் இருந்தார். அங்கிருந்த பள்ளியில் அவரையே வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் முதலில் சந்தேகப்படுகிறவர் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள்!

என் குறை வேறு. இந்த வகைக் காதல் கதைகள் பலவற்றில் தடையாக வருபவர் கோபக்கார அப்பா ஒருவர்தான். கடைசி அத்தியாயத்தில் அவர் மனம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும். கலிபோர்னியாவில் தடுத்தது சட்டம். வெள்ளையரும் ஜப்பானியரும் மணம் செய்துகொள்ளவே முடியாது. 1948-ல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தொழிற்சங்கவாதிகளான எலைன் பிளாக்கும் கார்ல் யொனேடாவும் 1935-ல் கல்யாணத்துக்காக வாஷிங்டன் மாநிலம் வரை போக வேண்டியிருந்தது. 1942-ல் கார்ல் மன்சனாருக்குப் போனார். அப்புறம் அவர்களுடைய மூன்று வயது மகனும் முகாமில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அப்பா ஜப்பானிய வம்சாவளி என்பதுதான் குழந்தை செய்த குற்றம். எலைன் யூதப் பெண், அந்த ஆணை அவரைக் கட்டுப்படுத்தாது. மகனைத் தனியே அனுப்ப மறுத்துக் கூடவே போனார்.

பதினைந்து வயதில் அநியாயம் நன்றாகவே புரியும். அந்த வயதுக்கு எழுதுகிறோம் என்று சொல்லிச் சட்டத்தையும் முகாமையும் மறைக்கிற நாவலை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். லாசோ மாதிரி ஒரு பையன் வருகிறான் என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.