கேம் சவுண்ட் டிசைன்: டிரெய்லர் ரீல் ஏன் போதாது?

"குறும்படங்களுக்கு இரண்டு வருடமாக ஒலி சேர்க்கிறேன். வீடியோ கேம் சவுண்ட் டிசைனுக்கு மாற ஆசை. கேம் டிரெய்லர்களுக்குப் புதிதாக ஒலி அமைத்து, அதை ரீலாக, அதாவது என் வேலையைக் காட்டும் மாதிரி வீடியோவாக, நான்கு ஸ்டூடியோக்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. பட்டம் இல்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பட்டம் காரணமாக இருக்காது. டிரெய்லரில் எந்த நொடி என்ன நடக்கும் என்று முன்பே தெரியும். கேமில் அது ஆடுபவர் கையில் இருக்கிறது. ஒருவர் கதவை ஒருமுறை திறப்பார், இன்னொருவர் நாற்பது முறை திறந்து மூடுவார். நாற்பதாவது முறையும் சலிக்காமல் ஒலிக்க உங்களால் வைக்க முடியுமா என்பதைத்தான் ஸ்டூடியோ பார்க்கிறது. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமிலேயே எதிரிகள் நெருங்க நெருங்க, பின்னணியில் ஓடும் நான்கு ஸ்வரங்கள் வேகமெடுக்கும். ஆட்டத்தோடு சேர்ந்து மாறுவதுதான் கேம் ஒலி.

காலடிச் சத்தத்தில் தொடங்குங்கள். ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பத்து அடிக்குள் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும். மண், மரம், தண்ணீர் என ஒவ்வொரு தரைக்கும் ஏழெட்டு அடிகள் பதிவு செய்யுங்கள். இப்போது ஒலித்தது உடனே மறுபடி வராதபடி மாற்றி மாற்றி ஒலிக்குமாறு கேமில் அமையுங்கள். சுருதியையும் வால்யூமையும் ஒவ்வோர் அடிக்கும் துளியூண்டு ஏற்றி இறக்குங்கள். ஓட்டத்துக்கு வேறு பதிவு வேண்டும். நடையை வேகப்படுத்தினால் அது ஓட்டம் ஆகாது.

இதையெல்லாம் கேமுக்குள் பொருத்த வைஸ் (Wwise), எஃப்மாட் (FMOD) என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பழகுவதற்கு இரண்டும் இலவசம். ஒன்றை எடுத்து ஆழமாகக் கற்றால் போதும், மற்றது பிறகு சீக்கிரம் பிடிபடும். வைஸை உருவாக்கிய நிறுவனத்தின் அடிப்படைப் பாடங்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். அப்புறம் கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டியிலோ அன்ரியலிலோ ஒரு சின்ன அறையை அமைத்து, உங்கள் ஒலிகளை அதில் பொருத்துங்கள்.

ரீல் இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம். பாதி நேரம் கேம் ஓடட்டும். மீதி நேரம் உள்ளே எப்படி இணைத்தீர்கள் என்று திரையைக் காட்டி, உங்கள் குரலிலேயே விளக்குங்கள். குறும்பட வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். தொடக்க நிலை வேலைகள் குறைவு, காத்திருக்க வேண்டிவரும்.

அனுபவத்துக்கு, ஜனவரிதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில், அதாவது குழுவாகச் சேர்ந்து குறுகிய நேரத்தில் ஒரு கேமை உருவாக்கும் நிகழ்வில், சேருங்கள். புரோகிராமர்கள் நிறையப் பேர் வருவார்கள், ஒலிக்கு ஆள் கிடைப்பது கடினம். அங்கே உருவாகும் கேமை, விளையாடிப் பார்க்கும் வடிவிலேயே, அதே நான்கு ஸ்டூடியோக்களுக்கும் தயங்காமல் மறுபடி அனுப்புங்கள்.