குடும்ப மரக் கோப்பை வீட்டு நாஸில் வைத்து இரண்டு கணினிகளில் திறக்கலாமா?

கேள்வி: குடும்ப மரம் எழுதும் நிரலான ரூட்ஸ்மேஜிக்கில் சுமார் 2,000 பேர் கொண்ட குடும்ப மரம் இருக்கிறது. கோப்பை நாஸில் (வீட்டு வலைப்பின்னலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி, NAS) போட்டு, மேசைக் கணினி, லேப்டாப் இரண்டிலிருந்தும் திறக்கலாமா? அதே வேலைக்கான இன்னொரு நிரலான க்ராம்ப்ஸுக்கு மாறினால் வசதிப்படுமா?

பதில்: படங்களையும் பேக்கப்பையும் நாஸில் வையுங்கள். திறந்து வேலை செய்கிற கோப்பு மட்டும் கணினியின் சொந்த வட்டில் இருக்கட்டும். க்ராம்ப்ஸுக்கும் இதேதான்.

வேர்டு கோப்பை நாஸிலிருந்து திறந்தால் ஒன்றும் ஆவதில்லையே, இதற்கு மட்டும் ஏன் என்று தோன்றும். வேர்டு, சேமிக்கும்போதுதான் கோப்பை எழுதுகிறது. ரூட்ஸ்மேஜிக் கோப்பு உண்மையில் ஓர் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளம், அதாவது ஒரே கோப்புக்குள் அடங்கும் தரவுத்தளம். நீங்கள் ஒரு பிறந்த தேதியைத் திருத்தினால் கோப்பின் நடுவே சில பக்கங்கள் (சிறு துண்டுகள்) மட்டும் மாற்றி எழுதப்படும். எழுதுவதற்கு முன் பழைய பக்கங்களை அருகிலேயே ஒரு ஜர்னல் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது ஜர்னலைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த ஏற்பாடு இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது. ஒன்று, ஒருவர் எழுதும்போது போடும் பூட்டை மற்றவர் மதிக்க வேண்டும். இரண்டு, ‘வட்டில் எழுதியாயிற்று’ என்று பதில் வந்தால் அது நிஜமாகவே வட்டில் இருக்க வேண்டும். வலைப்பின்னல் வட்டில் இரண்டுமே சந்தேகம்தான். எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் இதை எச்சரித்திருக்கிறார்கள். ‘ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தானே திறக்கிறேன்’ என்றால் பூட்டுத் தகராறு போய்விடும். எழுதும் நடுவில் வைஃபை அறுந்துபோகும் ஆபத்து அப்படியே இருக்கும். கேபிள் போட்டால் ஆபத்து குறையுமே தவிர, தீராது.

இதில் மோசமானது, கோப்பு கெட்டதும் அன்றே தெரியாது. தேடலுக்கு உதவும் அட்டவணை (இண்டெக்ஸ்) ஒரு பக்கம், உண்மைத் தரவு ஒரு பக்கம் என்று பிசகி நிற்கும். சில வாரம் கழித்து ஒரு பெயர் பட்டியலில் வராதபோதுதான் கவனிப்பீர்கள். அதற்குள் கெட்ட கோப்பே பேக்கப்பிலும் ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொரு பேக்கப்புக்கும் முன்பு ரூட்ஸ்மேஜிக்கின் தரவுத்தளக் கருவிகளில் உள்ள சரிபார்ப்பை ஓட்டிவிடுங்கள். பேக்கப் பெயரில் தேதி சேருங்கள். பழையதன் மேலேயே எழுதாமல் பத்துப் பிரதியாவது வைத்திருங்கள்.

க்ராம்ப்ஸ், தரவுத்தளக் கோப்புறைக்குள் பூட்டுக்கென்று ஒரு சிறு கோப்பை வைக்கும். நிரல் திடீரென்று நின்றுபோனால் அது அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை பூட்டை உடைக்கலாமா என்று கேட்கும். ஒரே கணினி என்றால் உடைக்கலாம். நாஸில் வைத்திருந்தால் அடுத்த அறையில் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் உடைக்கவே கூடாது. க்ராம்ப்ஸின் விருப்பத்தேர்வில் பேக்கப் பாதை என்று தனியாக உண்டு. அதை நாஸுக்குத் திருப்பி, வெளியேறும்போது பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். நாஸால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான்.

இரண்டு கணினியில் வேலை செய்ய: நிரலை மூடுங்கள், கோப்பை நாஸுக்கு நகலெடுங்கள், மற்ற கணினியில் அங்கிருந்து இறக்கி வேலை செய்து, மூடிவிட்டுத் திருப்பி ஏற்றுங்கள். இப்போது கோப்பு யார் கையில் என்று நாஸிலேயே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைத்தால் குழப்பம் வராது. டிராப்பாக்ஸ் மாதிரி தானாக ஒத்திசைக்கும் கோப்புறையில், நிரல் திறந்திருக்கும்போது கோப்பு இருக்கக் கூடாது. ஜர்னல் ஒரு நேரத்திலும் கோப்பு ஒரு நேரத்திலுமாகப் போய்ச் சேரும். இருவர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றால் உலாவி வழியாக இயங்கும் குடும்ப மர நிரல்களான க்ராம்ப்ஸ் வெப் அல்லது வெப்ட்ரீஸை நாஸில் நிறுவி உலாவியில் திறப்பதுதான் முறை. அப்போது தரவுத்தளத்தை நாஸே கையாளும். கோப்பு வலைப்பின்னலில் அலையாது.

படங்கள் நாஸில் இருப்பது நல்லது, ஏனென்றால் பாரம் அங்கேதான். ஓர் ஏ4 தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணமாக, சுருக்காத டிஃப் (TIFF) படமாக ஸ்கேன் செய்தால் சுமார் 100 எம்பி. நிரல் படத்தின் பாதையை மட்டுமே குறித்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு விண்டோஸ் கணினியிலும் நாஸுக்கு ஒரே டிரைவ் எழுத்தைக் (Z: மாதிரி) கொடுங்கள். க்ராம்ப்ஸில் ஊடகத்துக்கான அடிப்படைப் பாதையை வைத்து, படங்களைச் சார்புப் பாதையாக, அதாவது அந்த அடிப்படையிலிருந்து தொடங்கும் பாதையாகச் சேர்க்கலாம்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு வேறு. வீட்டில் ஒரு மேக்கும் இருந்தால், அது பிரித்து எழுதிய பெயரை விண்டோஸ் நிரல் தேடிக் காணாமல் நிற்கலாம். படக் கோப்புக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்; தமிழ்ப் பெயர் நிரலுக்குள் இருக்கட்டும்.

ஜெட்காமாக (GEDCOM, குடும்ப மர நிரல்களுக்கிடையே தரவை மாற்றும் கோப்பு வடிவம்) ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பழைய முறையான ஆன்செலில் தமிழ் எழுத்துக்கே இடமில்லை. வழக்கமான 5.5.1 பதிப்பு ஜெட்காமில் படங்கள் வராது, பாதை மட்டுமே வரும். அதனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். நாஸில் இரண்டு வட்டு ரெய்டில் (ஒன்றின் பிரதியாக மற்றது இயங்கும் ஏற்பாடு) இருப்பதும் பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். மாதம் ஒருமுறை ஒரு யூஎஸ்பி வட்டில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.