முழங்கால் வலி, சர்க்கரை: 67 வயதில் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. மதுரை திருநகரில் இருக்கிறேன். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படி ஏறினால் வலது முழங்கால் வலிக்கிறது. நடந்தால் மூட்டு இன்னும் தேயும் என்கிறார் கொழுந்தனார். மகனோ கையில் வாட்சைக் கட்டிவிட்டு, தினமும் 10,000 ஸ்டெப் போகணும் என்கிறான். மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்துவிட்டது, காந்தச் செருப்பும் எண்ணெயும் 18,000 ரூபாய் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, முதலில் அந்த 18,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த மெஷின் குதிகால் எலும்பின் அடர்த்தியை மேலோட்டமாகக் காட்டுவது. உங்கள் முழங்கால் மூட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உங்கள் வயதுப் பெண்களில் நிறையப் பேருக்கு அதில் அடர்த்தி குறைவாகத்தான் வரும். அதைக் காட்டிப் பயமுறுத்திச் செருப்பு விற்கிறார்கள். காந்தம் வைத்த செருப்பு மூட்டைச் சரிசெய்யும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. "இன்றைக்கு மட்டும் இந்த விலை", "பாதி கட்டுங்கள், மீதி தவணையில்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தெருவில் வந்து முகாமுக்குக் கூப்பிட்டவருக்கும் அதில் கமிஷன் இருக்கும்.

இவர்களிடம் ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காலையில் சீட்டு வாங்கி மதியம் வரை உட்கார்ந்தால், டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்து வலி மாத்திரை எழுதித் தருகிறார். எந்தப் பயிற்சி செய்யணும் என்று உட்கார்ந்து சொல்ல அங்கே ஆள் இல்லை. முகாம்காரர் அரை மணி நேரம் பேசுகிறார். கேட்க ஆள் கிடைத்ததே என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இது சரியாகாதவரை இந்த வியாபாரமும் நிற்காது. வலி மாத்திரையையும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கித் தினமும் போடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கொழுந்தனார் சொல்வது சரியில்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றி எடுக்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய்வருவதில்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. நடக்காமல் உட்கார்ந்துவிட்டால் தொடைச் சதை மெலிந்து, பாரம் எல்லாம் மூட்டின் மேல் விழும்.

மகன் சொல்வதும் உங்களுக்கு வேண்டாம். 10,000 என்பது 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரில் இருந்த எண். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடி வரை பலன் ஏறிக்கொண்டு போகிறது, அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அரசு 2023-இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல விஷயம், ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரை பயமில்லாமல் போக ஒரு பிளாட்பாரம் இருந்தால் அதைவிட உபயோகம். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், மூடாத ஜல்லி, நடைபாதை மேல் பைக். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தக் குடும்பம் படும் பாட்டை, ரோட்டைத் தோண்டிப் போட்டவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சரி, எப்படி நடப்பது? காலையில் 10 நிமிஷம், மாலையில் 10 நிமிஷம் என்று ஆரம்பியுங்கள். சமதளமாக இருக்கட்டும். கூட வருபவரோடு பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நடந்த வலி மறுநாள் காலையில் அடங்கியிருந்தால் பரவாயில்லை. மூட்டு வீங்கினால் நேரத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் வந்தால் போதும், மெதுவாக வரட்டும். கைத்தடி பிடிப்பதானால் இடது கையில் பிடியுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் அந்த மூட்டின் பாரம் குறையும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அப்படியே நின்று, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் வெறுங்காலில் நடக்கவே கூடாது. 12 வருடச் சர்க்கரை என்பதால் இதைச் சோதித்தே ஆகணும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை மகன் ஒவ்வொன்றாக, அழுத்தாமல் லேசாகத் தொடட்டும். ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை வேண்டாம். திருப்பரங்குன்றம் கிரிவலம் போனாலும் செருப்போடு போங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மீனாட்சியம்மன் கோவிலில் செருப்பு போட முடியாது, அதனால் ஆடி வீதியின் கல் சுடுகிற மதிய நேரத்தில் போகாதீர்கள். கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அது புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வாங்குங்கள். அந்த 18,000-இல் சின்னப் பங்குகூட ஆகாது. பின்பக்கம் வார் வைத்தது, மரத்த கால் என்றால் விரல் நடுவே பிடி இல்லாதது. மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்குச் சரியாக இருந்தால் எந்த நேரத்திலும் கடிக்காது.