பொறியியல் பொருட்களின் வகைகள் யாவை? அவற்றில் வலிமை மிக்கது எது?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. உலோகங்கள், பீங்கான்கள், பாலிமர்கள், இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த கூட்டுப்பொருட்கள் எனப் பாடநூல்கள் பொதுவாக நான்காகப் பிரிக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு, எந்த விசையை எதிர்த்து என்று சொல்லாதவரை பதிலே கிடையாது. வார்ப்பாலைப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இரும்புக் குடும்பத்தை மட்டுமே வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

சாம்பல் வார்ப்பிரும்பில் கரிமம் ஏறத்தாழ 2.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். மென் எஃகில் அது பொதுவாகக் கால் விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். உருகிய வார்ப்பிரும்பு உறையும்போது, இரும்பால் தன்னுள் வைத்துக்கொள்ள முடியாத கரிமம் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து உலோகம் முழுவதும் பரவுகிறது. கிராஃபைட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலு இல்லாததால் ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசலாகவே செயல்படுகிறது. இழுக்கும்போது அதன் கூரிய நுனியில் தகைவு (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) குவிந்து, உலோகம் வளைந்துகூடக் கொடுக்காமல் சட்டென்று முறிகிறது. அமுக்கும்போது அந்த நுனிகள் பிளந்துகொள்ள வழியில்லை என்பதால், அதே இரும்பு இழுவையில் தாங்குவதைவிட மூன்று நான்கு மடங்கு சுமையைத் தாங்குகிறது. ஆகவே அதை வலிமை குறைந்தது என்று ஒதுக்குவது சரியன்று.

துளையிடும்போதே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். மென் எஃகில் நீண்ட சுருள்கள் வரும். சாம்பல் வார்ப்பிரும்பில் தூளும் சிறு துணுக்குகளுமே உதிர்ந்து, விரல்களில் கிராஃபைட் கருமையாக ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டினால் எஃகு கணீரென்று ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாக ஒலித்து உடனே அடங்கிவிடும். லேத் பெட்டுகளை, அதாவது கடைசல் இயந்திரத்தின் அடிப்படுகைகளை, காலங்காலமாக இதில் வார்த்து வருவதற்கு, அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும் இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

செதிலின் வடிவத்தை மாற்றினால் இரும்பின் குணமே மாறிவிடும் என்பதை, 1943-இல் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் மக்னீசியத்தைச் சேர்த்துக் கண்டறிந்தார். என்னைப் பொறுத்தவரை, பொருளறிவியலில் இதைவிட அழகான பாடம் வேறில்லை. கரிமத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. கிராஃபைட் செதில்களாக இல்லாமல் உருண்டைகளாக உறைந்தது, அவ்வளவுதான். கூரிய நுனிகள் இல்லாமற்போனதால் அந்த இரும்பு முறிவதற்கு முன் நீளத் தொடங்கியது. இந்த உருண்டைக் கிராஃபைட் இரும்பைத்தான் எஸ்.ஜி. என்கிறோம். இன்று எஸ்.ஜி. 400/18 என்று நாம் வாங்கும் தரத்தில் 400 என்பது மெகாபாஸ்கலில் குறைந்தபட்ச இழுவிசை வலிமை, 18 என்பது முறியுமுன் நீள வேண்டிய விழுக்காடு. எஃப்.ஜி. 260 போன்ற சாம்பல் வார்ப்பிரும்புத் தரங்களின் பெயரில் அந்த இரண்டாவது எண்ணே இராது, ஏனெனில் சொல்லிக்கொள்ளும்படியான நீட்சி அவற்றில் இல்லை. மக்னீசியம் சேர்த்தபின் ஊற்றுவதற்குத் தாமதமானால், அது உருகிய இரும்பை ஏந்தும் வார்ப்புக் கரண்டியிலேயே குறைந்துபோய்க் கிராஃபைட் மறுபடியும் செதிலாக உறைந்துவிடும் என்பதால், எஸ்.ஜி. ஊற்றும் நேரத்தில் பவுண்டரியில் ஒருவரும் நின்று பேசிக்கொண்டிருப்பதில்லை.

வலிமையோடு மாணவர்கள் பெரிதும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பண்பு விறைப்பு, அதாவது சுமையில் எளிதில் வளைந்துகொடுக்காத தன்மை. எஃகைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தால் அதன் வலிமையையும் கடினத்தன்மையையும் வெகுவாக உயர்த்தலாம். ஆனால் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் சாதாரண எஃகிலும் விலையுயர்ந்த கலப்பு எஃகிலும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலாகவே நிற்கும். அலுமினியத்தில் அது சுமார் 70 தான். எனவே ஒரு தண்டு முறியாமல், சுமையில் வளைவது மட்டுமே சிக்கல் என்றால், உயர்ந்த எஃகுக்குப் பணம் செலவழிப்பதால் பயனில்லை. விட்டத்தைக் கூட்ட வேண்டும். உருளை வடிவத் தண்டின் விட்டத்தை இரு மடங்காக்கினால், அதே சுமைக்கு வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.