பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பிரேக் டிஸ்க்கை லேத்தில் கடைந்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

அளந்து பார்க்காமல் இரண்டில் எதற்கும் சரி சொல்லாதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். நடுப்பகுதியில் அல்லது விளிம்பில், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் மிஞ்ச வேண்டும். உதாரணத்துக்கு, குறைந்தபட்சம் 20 மி.மீ. என்று இருந்து, உங்கள் டிஸ்க் இப்போது 20.3 என்றால், பக்கத்துக்கு 0.2 வீதம் இரண்டு பக்கமும் கடைந்ததும் 19.9 ஆகிவிடும். அதைக் கடைவதே வீண்வேலை.

அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். சாதாரண வெர்னியர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்க்கையும் நன்றாக இருப்பதாகக் காட்டும். வரப்பைத் தாண்டி உள்ளே அளக்கிற மைக்ரோமீட்டர்தான் வேண்டும். ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. மாறினாலே பெடலில் உதறல் தெரியலாம். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, இந்தத் தடிமன் வித்தியாசம்தான் காரணம். விரிசல் இருந்தால் மட்டும் அளவெல்லாம் பார்க்க வேண்டாம், நேரே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஹப், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி. டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு படிந்திருந்தால் டிஸ்க் லேசாகச் சாய்ந்தபடி சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசி, அங்கே மட்டும் மெலிந்துபோகும். துருவை எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் கொஞ்ச நாளில் நடுக்கம் திரும்ப வரும், செலவழித்ததெல்லாம் தண்டம். அதனால் ஹப்பைச் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் நின்றே பாருங்கள். காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) நகர்வதற்கான பின்கள் கையால் தள்ளினால் வழுக்கி நகர்கின்றனவா என்றும் பாருங்கள். இறுகியிருந்தால் உள் பேட் மட்டும் சீக்கிரம் தேயும். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்கட்டும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் ஸ்பேனர்) வைத்து, எதிரெதிராக முடுக்கினால் நல்லது.

மாற்றுவதானால் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து, புது பேடுகளோடு மாற்றுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து முறை அழுத்தி இறுக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். அதன்பின் காலிச் சாலையில், முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்து இடையிடையே ஆறவிடுங்கள்.