சொன்னால்தான் குளிக்கிறார், என்ன செய்ய?

கேள்வி: அண்ணனுக்கு 46 வயது. மனச்சிதைவு நோய்க்காக 14 வருடமாக அரசு மனநல மருத்துவமனையில் இருக்கிறார். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் யாராவது சொன்னால்தான் குளிக்கிறார், சட்டை மாற்றுகிறார். ‘எங்கள் ஹோமில் மூன்றே மாதத்தில் பழைய ஆளாக்கித் தருகிறோம்’ என்று ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. நோயாளியைப் பார்க்காமலே கெடு சொல்கிறவருக்கு உங்கள் பணம்தான் கணக்கு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் இப்படி ஒரு இல்லத்தை நடத்தவே கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். ‘புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தருகிறேன் என்று அடுத்து ஒருவர் வருவார். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

அண்ணன் சோம்பேறி ஆகிவிடவில்லை. மாத்திரை குரல்களை அடக்கும். தானாக எழுந்து ஒன்றைச் செய்யும் முனைப்பை அவ்வளவாக மீட்டுத் தராது. போதாக்குறைக்கு, வரிசையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும் வார்டில் இத்தனை வருடம் இருந்தால் யாருக்கும் பழக்கம் விட்டுப்போகும். நடை இறுகி, கை நடுங்கி, எச்சில் வழிந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

ஒரே ஒரு வேலையை எடுங்கள். குளியலை எட்டாகப் பிரிக்கலாம்: துண்டும் மாற்றுத்துணியும் எடுப்பது, வாளி நிரப்புவது, தண்ணீர் ஊற்றுவது, சோப்பு போடுவது, அலசுவது, துவட்டுவது, உடுத்துவது, ஈரத்துண்டைக் கொடியில் போடுவது. கடைசியிலிருந்து பழக்குங்கள். முதல் வாரம் கொடியில் போடுவது மட்டும் அவர் பொறுப்பு. அது சொல்லாமல் நடந்தபின் உடுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சொல்லி 10 நொடி பொறுக்க வேண்டும். அசையாவிட்டால் செய்து காட்ட வேண்டும். கை பிடிப்பது அதற்கும் பிறகு. முடித்த கையோடு டீ. இதை ஒரு தாளில் எழுதி வார்டு நர்ஸிடம் கொடுங்கள், ஷிப்டுக்கு ஷிப்டு ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பழக்கினால் எதுவும் பதியாது.

சொந்தச் சட்டை கொண்டுபோங்கள். விரும்பினால் சொந்த உடை அணியும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தருகிறது. ‘இங்கே வழக்கமில்லை’ என்பார்கள். பட்டன் இல்லாத சீருடையை மாட்டிவிட்டு, ஆளுக்குப் பட்டன் போடத் தெரியவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதுதான் வழக்கம்!

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் பீடியைக் கவனியுங்கள். பீடிப் புகை, கல்லீரல் அந்த மருந்தைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டும். பீடியில்லாத வார்டில் சரிபார்த்த அளவு, வீட்டில் தினம் ஒரு கட்டு பிடித்தால் போதாது, குரல்கள் திரும்பலாம். பிடித்துக்கொண்டிருந்தவர் திடீரென விட்டால் மருந்து ரத்தத்தில் ஏறி, மயக்கமான தூக்கம், வலிப்புவரை போகலாம். செய்வது புகைதான், நிக்கோடின் அல்ல. எனவே நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தாலும் இதில் மாற்றமில்லை. பீடி கூடினாலும் குறைந்தாலும் உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். குளித்ததற்குப் பரிசாகப் பீடி கொடுக்கும் வார்டுகளை என்ன சொல்ல!

ஒரேயடியாக டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். முதலில் இரண்டு நாள் விடுப்பில் அழைத்து வாருங்கள். வார்டில் குழாய், உங்கள் வீட்டில் மோட்டார் ஸ்விட்ச் என்றால் பழகியதுகூட நழுவும். அப்போது திட்டாமல், மறுபடி கொடியில் துண்டு போடுவதிலிருந்து தொடங்குங்கள்.